கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? பெட்டி வேறு, பேரேடு வேறு



கப்பலூர், திருமங்கலம், திருநகர் வட்டாரத்தில் நமது மளிகைக் கடைகளிலும் மொத்த வியாபாரக் கிட்டங்கிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பல, பத்துப் பதினைந்து வயதைக் கடந்தவை. பில் போட, சரக்கு இருப்புப் பார்க்க, பற்று வரவு வைக்க அவை போதும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் பழைய அகல வயரைச் செருகும் இடம் புதிய பெட்டிகளில் பெரும்பாலும் இல்லை என்பதும் பழையதை விடாமல் வைத்திருக்க ஒரு காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நமது தராசு கூடப் பழையதுதான். முத்திரை சரியாக இருந்தால் போதும்.

ஆனால் வயதான இயந்திரம் ஒரு நாள் காலையில் கிளம்பாமல் நிற்கத்தான் செய்யும். அப்போது பெரும்பாலான கடைகளில் நடப்பது இதுதான். அவசரத்தில் ஒரு மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போய்விட்டது, பார்மட் அடிக்க வேண்டும்" என்கிறார். வாடிக்கையாளர் நிற்கிறார், லாரியில் சரக்கு வந்து நிற்கிறது. நாமும் தலையாட்டி விடுகிறோம். மாலையில் கம்ப்யூட்டர் புதுப்பெண் போல் வந்து சேர்கிறது. உள்ளே கணக்கு இல்லை.

கம்ப்யூட்டர் கிளம்பாமல் போவதற்கான காரணங்களில் பெரும்பகுதி கணக்கைத் தொடுவதே இல்லை. வயர், பேட்டரி, தூசி, சூடு, மின்சாரம் இவையே காரணமாக இருக்கும். கணக்கு முழுவதும் ஹார்டு டிஸ்க் என்ற ஒரு சிறிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அதை இழக்கச் செய்வது பல நேரங்களில் பழுது அல்ல, பழுது பார்க்கும் அவசரம். ஆகவே எந்தப் பழுது எது என்று ஓரளவு நாமே தெரிந்து வைத்திருப்பது நல்லது. நாமே ஸ்குருடிரைவர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மெக்கானிக் சொல்வதைக் கேட்டு, சரியான கேள்வியைத் திருப்பிக் கேட்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

உள்ளே இருப்பது என்ன?

"ஜி.எஸ்.டி. தளத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, கம்ப்யூட்டர் போனால் என்ன?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. பாதிதான் சரி. நாம் தாக்கல் செய்த ரிட்டன்கள் தளத்தில் இருக்கும். பதிவு பெற்ற வியாபாரிக்கு நாம் போட்ட பில்லும், நமக்குச் சரக்குக் கொடுத்தவர் காட்டிய பில்லும் தெரியும். ஆனால் சில்லறையாக விற்றதெல்லாம் அங்கே மொத்தத் தொகையாகவே இருக்கிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி, எந்த ஓட்டல்காரர் போன மாதம் எவ்வளவு கட்டினார், எந்தச் சரக்கு எத்தனை மூட்டை கையில் இருக்கிறது என்பதெல்லாம் அரசாங்கத்திடம் கிடையாது. அது நமது ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. பாக்கிப் பட்டியலைத் தொலைத்த கடைக்காரர், பாக்கிக்காரரின் நாணயத்தை நம்பித்தான் வசூலுக்குப் போக வேண்டும்.

சட்டமும் உண்டு. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். உதாரணமாக, 2023-24 கணக்குக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தினாலோ இயற்கைக் காரணத்தாலோ அது அழிந்தால் மீட்டெடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 கூறுகிறது. "கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகிவிட்டது சார்" என்பது அதிகாரி முன்னால் எடுபடாது.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

பொத்தானை அழுத்தினால் விளக்கு இல்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால், முதல் சந்தேகம் கம்ப்யூட்டர் மேல் அல்ல. யு.பி.எஸ். மேல்தான். சிறிய யு.பி.எஸ்.களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கடைச் சூட்டில் அது இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்து விடும். பேட்டரி செத்துவிட்டால், சுவரில் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாத யு.பி.எஸ்.கள் பல உண்டு. யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு, சுவர் பிளக்கில் ஒரு டேபிள் பேனை மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் அதே பிளக்கில் கம்ப்யூட்டரை நேராக மாட்டிப் பாருங்கள். கிளம்பினால் செலவு பேட்டரியோடு முடிந்தது.

அடுத்தது, பெட்டியின் பின்பக்கம் மின்வயர் செருகும் இடத்தின் அருகில் உள்ள சிறிய சுவிட்ச். கடையைக் கூட்டும்போது விளக்குமாறு பட்டே அது அணைந்து போகும். பழைய பெட்டிகள் சிலவற்றில் அதன் அருகே சிவப்பு நிறத்தில் இன்னொரு நகர்த்தி இருக்கும். அதில் 115, 230 என்று எழுதியிருக்கும். நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் வெடிச்சத்தத்தோடு உள்ளே எரிந்து போகும். பிள்ளைகள் கைபடாமல் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பது நல்லது.

வயர் சரி, சுவிட்ச் சரி, ஆனாலும் உயிர் இல்லை என்றால், மின்வயரைக் கழற்றிவிட்டு, ஆன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, சில நேரம் இதிலேயே எழுந்து விடும்.

அதற்கும் எழவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டி போயிருக்கலாம். இங்கேதான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "மதர்போர்டு போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்னால், "எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மதர்போர்டிலிருந்து அதன் பெரிய பிளக்கைக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் நல்ல மின்பெட்டியின் விசிறி சுற்றும். சுற்றவில்லை என்றால் பழுது பெரும்பாலும் அதில்தான். சுற்றினாலும் முழுத் தீர்ப்பு அல்ல. வேறு நல்ல மின்பெட்டி ஒன்றை மாட்டிப் பார்ப்பதே உறுதி. மின்பெட்டி மாற்றும் செலவு எங்கே, மதர்போர்டு மாற்றும் செலவு எங்கே! இந்தச் சோதனையை நாம் செய்ய வேண்டாம். மின்பெட்டியின் மூடியை மட்டும் எவரும் திறக்கவே கூடாது. வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

நமது பக்கத்து மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மில், பட்டறை, மாவு மில் மோட்டார்கள் ஓடும் லைனில் இருக்கும் கடைகளில், மோட்டார் கிளம்பும் போதெல்லாம் டியூப் லைட் மங்குவதைப் பார்த்திருப்போம். அதே குலுக்கல் கம்ப்யூட்டருக்கும் போகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளில், சுவர் சுவிட்சையே அணைத்து வையுங்கள். கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். 2012-இல் மணிக்கணக்கில் மின்தடை இருந்த காலத்தில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினோம். அந்த இன்வெர்ட்டரிலேயே கம்ப்யூட்டரை ஓட்டுபவர்கள், அதன் பின்னால் யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் நிலை இருந்தால் அதில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அணைந்து எழும். கணக்குப் பைல் பாதியில் அறுந்து போகும். ஐப்பசி, கார்த்திகை இடியின்போது இன்டர்நெட் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

விசிறி ஓடுகிறது, திரை இருட்டு

இது மிகவும் சகஜமான பழுது. மானிட்டருக்குக் கரண்ட் வருகிறதா, அதன் வயர் இரு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காதைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் விட்டு விட்டு நீளமாக 'பீப்' என்று கத்தினால் பெரும்பாலும் ராம் எனப்படும் நினைவுப் பலகையின் கோளாறு. பீப் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெக்கானிக்குக் கேட்கும்படி செல்போனில் பதிந்து வைத்தாலே போதும்.

ராம் கோளாறு என்றதும் புதிது வாங்கத் தேவையில்லை. அதன் பொன்னிற விளிம்பில் அழுக்கும் ஈரமும் படிந்து தொடர்பு விட்டுப் போயிருக்கும். மின்வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு, பலகையை எடுத்து, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அந்த விளிம்பை மெல்லத் தேய்த்து, திரும்ப 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினால் பல கம்ப்யூட்டர்கள் எழுந்து விடும். இரண்டு பலகை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இந்த வேலைக்கும் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதற்குப் போய்ப் 'பார்மட்' என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுவதே நல்லது.

ஆன் ஆகி, சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானே அணைந்தால் அது சூடு. மளிகைக் கடையின் தூசி சாதாரணத் தூசி அல்ல. மைதா, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாக்குப் பிசிறு, இவற்றோடு நான்குவழிச் சாலையின் புழுதி. எல்லாம் சேர்ந்து பிராசசர் மேல் இருக்கும் விசிறியில் கம்பளி போல் அப்பிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கேட்க வேண்டியதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மின்வயரைக் கழற்றி, பெட்டியை வாசலுக்குக் கொண்டு போய், விசிறி சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊத வேண்டும். ஈரத்துணி கூடாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயரத்தில் வைத்தாலே பாதித் தூசி குறையும். சர்க்கரை மூட்டை அருகில் வைத்தால் எறும்பும், அதைத் தேடி எலியும் வரும். எலி கடித்த வயரால் கிளம்பாமல் போன கம்ப்யூட்டரும் உண்டு.

பொத்தான் அளவு பேட்டரி செய்யும் குழப்பம்

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். எண் சி.ஆர். 2032, 3 வோல்ட். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியையும், தொழிற்சாலைக்குப் பிறகு செய்த அமைப்புகளையும் ஞாபகம் வைத்திருப்பது இதன் வேலை. சில ஆண்டுகளில் இது தீர்ந்து விடும். அப்போது திரையில் 'சிமாஸ்' என்ற சொல்லோடு ஏதோ எழுதி, எப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்தினால் கிளம்பி விடும் என்பதால் நாம் மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கிறோம்.

இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம், வங்கித் தளம் எதுவும் திறக்காது; 'பாதுகாப்பில்லை' என்று திரை எச்சரிக்கும். இன்டர்நெட்காரரைத் திட்டுவதற்கு முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள்.

இரண்டாவதுதான் பெரியது. இதனால் போன கணக்குகள் உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். பேட்டரி தீர்ந்ததும், அல்லது பேட்டரியை மாற்றியதும், மதர்போர்டு தன் பழைய தொழிற்சாலை அமைப்புக்குப் போய்விடும். ஹார்டு டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்ற அமைப்பும் அதில் ஒன்று. ஐ.டி.இ. என்று ஒரு முறை, ஏ.எச்.சி.ஐ. என்று ஒரு முறை. விண்டோஸ் ஒரு முறையில் போடப்பட்டிருக்க, மதர்போர்டு மறுமுறைக்கு மாறிவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போதே நீலத்திரை வந்து, அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணையும். நீலத்திரையின் எண் 7பி என்று முடியும். பார்ப்பவருக்கு விண்டோஸ் முழுவதும் கெட்டுவிட்டது போலவே தோன்றும். உண்மையில் டிஸ்கும் நலம், விண்டோஸும் நலம், கணக்கும் நலம். தொடங்கும்போது டெலிட் அல்லது எப்2 கீயை அழுத்தி உள்ளே போய், 'சாட்டா மோட்' என்ற இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் பழையபடி கிளம்பிவிடும். மாற்றியும் சரியாகவில்லை என்றால் திரும்பவும் இருந்தபடி வைத்துவிடலாம். இதனால் டிஸ்கில் எதுவும் அழியாது. ஆகவே, தேதி தவறிப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டினால், "சாட்டா மோட் பார்த்தீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

'டிஸ்க் பூட் பெய்லியர்' என்றோ, எக்ஸ்.பி. கம்ப்யூட்டரில் 'என்.டி.எல்.டி.ஆர். ஈஸ் மிஸ்ஸிங்' என்றோ வந்தால், முதலில் பின்னால் ஏதாவது பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பப் பார்த்துத் தோற்றிருக்கும். அடுத்தது டிஸ்கின் வயர். இவை இரண்டும் சரி என்றால்தான் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உப்பிய கெப்பாசிட்டர்

பெட்டியைத் திறந்தால் மதர்போர்டில் சிறிய உருளைகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல் உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டின் காலம் முடிகிறது என்று பொருள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகமெங்கும் தரமற்ற கெப்பாசிட்டர்கள் சந்தைக்கு வந்தன. 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற டெல் கம்ப்யூட்டர்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவை இதனால் பழுதாகக்கூடியவை என்று பின்னால் வழக்கில் வெளிவந்தது. அந்தக் கம்பெனி 2005-இல் இதற்காக 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. நல்ல கெப்பாசிட்டரும் சூட்டில் சீக்கிரம் மூப்படையும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. ஒன்றிரண்டு உருளைகளை மாற்றிச் சாலிடர் வைத்துத் தரும் நல்ல கைகள் மதுரையில் உண்டு. ஆனால் பத்து வயதைத் தாண்டிய போர்டுக்குப் பெரிய செலவு செய்வதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் வைத்தால் கணக்கு அப்படியே வரும்.

'டக் டக்' என்றால் நிறுத்துங்கள்

ஒரே ஒரு பழுதில் மட்டும் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது பாவம். டிஸ்கிலிருந்து கடிகாரம் போல் 'டக், டக்' என்றோ, உரசுவது போலவோ சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே சுழலும் தட்டின் மேல் மயிரிழையை விடக் குறைந்த உயரத்தில் ஒரு முனை பறந்து படிக்கிறது. அந்த முனை கெட்டால் அது தட்டையே சுரண்டக் கூடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கக்கூடிய பகுதி குறையும். தட்டிப் பார்ப்பது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம். தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்பவரிடம் போக வேண்டும்; செலவு அதிகம், உத்தரவாதமும் கிடையாது.

பார்மட்டுக்கு முன்

சத்தமில்லாத டிஸ்க், ஆனால் விண்டோஸ் உண்மையிலேயே கெட்டுவிட்டது என்றால், பார்மட் தேவைப்படலாம். அதற்கு முன் டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. வயர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கணக்கை நகல் எடுக்க வேண்டும். பழைய அகலப் பட்டை வயர் டிஸ்குக்கும் இந்த மாற்றி கிடைக்கிறது. டாலியில் கணக்கு வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: யாரும் மாற்றாவிட்டால் டாலி கணக்கும் விண்டோஸ் இருக்கும் 'சி' டிரைவிலேயே இருக்கும். ஈ.ஆர்.பி. 9, பிரைம் ஆகியவற்றில் 'யூசர்ஸ்', அதற்குள் 'பப்ளிக்', அதற்குள் டாலியின் பெயர், அதற்குள் 'டேட்டா' என்ற போல்டர். அதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000 போன்ற ஓர் எண் போல்டர். "டி டிரைவைத் தொட மாட்டேன், கவலை வேண்டாம்" என்று மெக்கானிக் சொல்வது நமக்கு உதவாது. 'டேட்டா' போல்டர் முழுவதும் பென் டிரைவில் ஏறி, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய கடைசி பில் தெரிகிறது என்று நாமே கண்ணால் பார்த்த பிறகுதான் பார்மட்.

நகல் முன்பே இருந்தால் இந்தப் பதற்றமே வேண்டாம். இரண்டு பென் டிரைவ் வாங்கி, ஒற்றை நாள் ஒன்று, இரட்டை நாள் ஒன்று என்று இரவில் கல்லாவை எண்ணும்போதே நகல் எடுத்து, அன்றையதை வீட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும். கடையிலேயே வைத்தால் தீ, திருட்டு, எலி மூன்றும் இரண்டையும் சேர்த்தே கொண்டு போகும். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்தும் பார்க்க வேண்டும். 2011 முதல் அரசு தந்த இலவச லேப்டாப் பிள்ளைகள் படித்து முடித்தபின் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதில் கணக்கு நிரலைப் போட்டு வைத்தால், கடைப் பெட்டி மருத்துவமனையில் இருக்கும் இரண்டு நாளும் வியாபாரம் நடக்கும். டாலி உரிமத்தை இயந்திரம் மாற்றிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதன் வரிசை எண்ணையும், பதிவு செய்த இ-மெயிலையும் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியும் கம்பெனியின் வழக்கமான இலவசப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. பில் போட மட்டும் இவற்றை ஓட்டலாம். வங்கி வேலையை இவற்றில் செய்யாமல் இருப்பது உத்தமம்.

கடைசியாக, பெட்டியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது. முடிந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். மின்பெட்டி, ராம், மதர்போர்டு பழுதுக்கு டிஸ்க் தேவையில்லை. டிஸ்கோடு கொடுக்க வேண்டி வந்தால், ரசீதில் டிஸ்கின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். அதன் மேல் ஒட்டிய சீட்டில் அந்த எண் இருக்கும். 'கேட்காமல் பார்மட் செய்யக் கூடாது' என்ற வரியும் அதே ரசீதில் இருக்கட்டும். டிஸ்கை மாற்றினால் பழையதைக் கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். நமது பாக்கிப் பட்டியலும், வங்கிக் கணக்கு எண்ணும், கொள்முதல் விலையும் அதில்தான் இருக்கின்றன.